எல்லோருக்கும் ஒரே கையுறை

என் தாய்மாமாவுக்கென்று எங்கள் வீட்டில் ஒரு தட்டு இருந்தது. எவர்சில்வர் தட்டு, விளிம்பில் ஒரு நெளிவு. கிணற்றடியில் தனியாகக் கழுவி, ஜன்னல் திட்டில் தனியாகக் கவிழ்த்து வைப்பார்கள். மாமா லாரி டிரைவர். பூம்பாறைப் பூண்டையும் மன்னவனூர் கேரட்டையும் ஏற்றிக்கொண்டு மேல்மலையிலிருந்து இறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் போடுவார். வத்தலக்குண்டு வழியாக வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். 2001-ல் இறந்துபோனார். எனக்கு அப்போது பதினொரு வயது. என்ன நோய் என்று கேட்டால் "டிபி" என்றார்கள். அதில் பாதி உண்மை.

கடைசி இரண்டு வாரம் ஓர் அரசு மருத்துவமனையில் இருந்தார். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை, அந்த வருடங்களில் பல ஊர்களில் இதே கதைதான். கழிப்பறைக்குப் பக்கத்தில், வராந்தா முடியும் இடத்தில் கட்டில். கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியும், அர்த்தம்தான் தெரியாது. சாப்பாடு கொண்டுவருபவர் தட்டைத் தரையில் வைத்துக் காலால் நகர்த்திவிட்டுப் போவார்.

ஒருநாள் வேறு ஒரு சிஸ்டர் வந்தார். நேராகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கையுறை இல்லை. அம்மாதான் பதறிப்போய்க் கேட்டார்.

"சிஸ்டர், வெறுங்கையில தொடலாங்களா?"

"நாடி பாக்க எதுக்குக்கா கிளவுசு? ரத்தம் எடுக்கையில போட்டுக்குவேன். உங்களுக்கு எடுத்தாலும் போட்டுத்தான் எடுப்பேன்."

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று அம்மா கேட்டிருக்க வேண்டும். ட்ரெய்னிங் போய்ட்டு வந்தேன், அஞ்சு நாளு, என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. இன்று அம்மாவுக்கு மாமாவின் கடைசி நாட்கள் பற்றி அதிகம் ஞாபகமில்லை. அந்த சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்ததை மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரே வார்டு, ஒரே சம்பளம், ஒரே அரசாங்கம். ஒருவர் தட்டைக் காலால் தள்ளுகிறார், இன்னொருவர் பக்கத்தில் உட்காருகிறார். நடுவில் இருப்பது ஐந்து நாள் வகுப்பு என்றால், அந்த வகுப்பு எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனதில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

காட்பாடிக்குப் போன ஆறு மாதிரிகள்

கதை சென்னையில் தொடங்குகிறது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், எய்ட்ஸ் பற்றி ஆய்வு செய்யலாமே என்றார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். நிர்மலாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அமெரிக்காவில் முதல் நோயாளிகள் பற்றிய அறிக்கை 1981-ல் வந்திருந்தது. நமக்கெல்லாம் அது வராது, நம் பண்பாடு வேறு என்று இங்கே பலர் நம்பிக்கொண்டிருந்த காலம்.

பாலியல் தொழில் செய்த குற்றத்துக்காகப் பிடிக்கப்பட்ட பெண்களை அடைத்துவைக்கும் காப்பகம் ஒன்று சென்னையில் இருந்தது. நிர்மலா அங்கே போய் ரத்த மாதிரிகள் எடுத்தார். மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேல். கையுறை கிடையாது, பாதுகாப்புக் கருவி எதுவும் கிடையாது. சீரத்தைப் பிரித்தெடுத்து, வைக்க வேறு இடமில்லாமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் 1986 பிப்ரவரியில் இரவு ரயிலேறிக் காட்பாடிக்குப் போய், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. பிறகு அமெரிக்காவில் செய்த சோதனையும் அதை உறுதிப்படுத்தியது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே மே மாதத்தில்தான் அந்த வைரஸுக்கு 'எச்ஐவி' என்ற பெயரே சர்வதேச அளவில் முடிவானது.

இந்தியாவின் எச்ஐவி வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நிர்மலாவையும் சுனிதியையும் கொண்டாடுவார்கள். கொண்டாட வேண்டியவர்கள்தான். பயிற்சியின் வரலாற்றைத் தேடிப்போனவன் என்பதால் எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. இந்த வைரஸை முதலில் கையாண்டவருக்குக் கையுறை கொடுக்க ஆளில்லை. அது ஒன்று. அந்த ஆறு பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பது இன்னொன்று.

பூட்டிய கதவு

பரிசோதனை வந்துவிட்டது. மருந்து வரவில்லை. எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது, சொன்ன பிறகு என்ன செய்வது என்று எந்த மருத்துவருக்கும் தெரியாது. தெரியாதபோது அரசு எந்திரம் தனக்குத் தெரிந்ததைச் செய்யும். பூட்டியது. எச்ஐவி இருப்பதாகத் தெரிந்த பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் காப்பகத்திலேயே வைக்கப்பட்டார்கள். ஏன் விடவில்லை என்று அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை.

அதை வெளியே கொண்டுவந்தவர் ஒரு பத்திரிகையாளர், ஷியாமளா நடராஜ். உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 1990-ல் அந்தப் பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. வெளியே வந்த பெண்கள் எங்கே போவார்கள்? எந்த மருத்துவமனை அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்? அவர் உருவாக்கிய சியாப் என்ற தென்னிந்திய எய்ட்ஸ் செயல்திட்டம், கவுன்சிலர்களைப் பயிற்றுவிப்பதைத் தன் முக்கிய வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தான். அரசு ஆவணங்களில் 'ஆற்றுப்படுத்துநர்' என்று எழுதுகிறார்கள். முதலில் கேட்டபோது வழக்கமான அரசுத் தமிழ் என்று சிரித்தேன். பிறகு யோசித்தால் நல்ல சொல்தான். ஆறு என்றால் வழி. சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படையில், வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். தான் நடந்த வழி என்பதால்தான் அவனால் சொல்ல முடிகிறது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் மீண்டும் வருவேன்.

சுனிதி சாலமன் 1993-ல் ஒய்ஆர்ஜி கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். சிகிச்சை, ஆலோசனை, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி, மூன்றும் ஒரே கூரையின் கீழ். 1994-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே தனிச் சங்கம் அமைத்தது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். சிவப்பு நாடாவில் சிக்காமல் பணம் செலவழிக்க, ஆள் எடுக்க, பயிற்சி நடத்த ஒரு வழி. மற்ற மாநிலங்கள் பின்னால் இதே மாதிரியைப் பின்பற்றின. மாமாவின் சிஸ்டர் போன அந்த ஐந்து நாள் வகுப்பு, இந்தக் காலத்தின் ஏதோ ஒரு கிளையில் முளைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்து நாளில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?

வைரஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பது அரை நாள் பாடம். தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கொசுவால் வராது. இதை போஸ்டரே சொல்லிவிடும். ஆனால் போஸ்டர் படித்தவர்களும் தட்டைக் காலால் தள்ளினார்கள். காரணம், மருத்துவமனைப் பணியாளர்களுக்கு உண்மையான ஒரு பயம் இருந்தது. ஊசி கையில் குத்திவிட்டால்?

அந்தப் பயத்தை ஏளனம் செய்யாமல் எண்ணால் எதிர்கொள்வதுதான் நல்ல பயிற்சி. எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றுக்கு மூன்று வரை. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் நூற்றுக்கு முப்பது வரைகூடப் போகலாம். அப்படியானால் சிவப்பு மையில் எழுத வேண்டியது எதை? ஹெபடைடிஸ் பி நோயாளியின் கட்டிலை யாரும் கழிப்பறைப் பக்கம் தள்ளியதில்லை. ஆக, பயத்தின் அளவு ஆபத்தின் அளவைப் பொறுத்ததாக இல்லை. அந்த நோயாளி என்ன செய்து அந்த நோயை வாங்கியிருப்பார் என்ற நம் கற்பனையைப் பொறுத்ததாக இருந்தது.

1987-ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு விதியை விரிவாக வகுத்தது. எல்லோருடைய ரத்தத்தையும் தொற்றுள்ள ரத்தமாகவே கருதிக் கையாளுங்கள். யாருக்கு இருக்கிறது என்று தேடாதீர்கள். ரத்தம் படும் வேலை என்றால் யாராக இருந்தாலும் கையுறை. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள், நேராகக் குத்துப்படாத டப்பாவில் போடுங்கள். ரத்தம் படாத வேலை என்றால் யாராக இருந்தாலும் வெறுங்கை போதும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த விதியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வெளியிலிருந்து வரும் எந்தத் தரவையும் நம்பாதே, எல்லாவற்றையும் ஒரே மாதிரி சோதி. 'சந்தேகத்துக்குரிய ஆட்கள்' என்று பட்டியல் போட்டு அவர்களை மட்டும் சோதித்தால், பட்டியலில் இல்லாதவன் வழியாகத்தான் ஓட்டை விழும். எச்ஐவியில் இது இன்னும் கறாரான உண்மை. தொற்றிய முதல் சில வாரங்கள் பரிசோதனையில் நெகட்டிவ் என்றே காட்டக்கூடும். கட்டிலில் எழுதிய சிவப்பு எழுத்தை நம்புகிற செவிலியர், எழுத்து இல்லாத கட்டிலில் அசட்டையாக இருப்பார். முத்திரை குத்துவது கொடுமை என்பது ஒருபக்கம் இருக்கட்டும், பாதுகாப்பு ஏற்பாடாகவே அது தப்பு.

"உங்களுக்கு எடுத்தாலும் போட்டுத்தான் எடுப்பேன்" என்று அந்த சிஸ்டர் அம்மாவிடம் சொன்னது அன்பினால் என்று பல வருடம் நினைத்திருந்தேன். அன்பும் இருந்திருக்கும். ஆனால் அது ஒரு நெறிமுறை. அன்பு எல்லா ஷிஃப்டிலும் வரும் என்று சொல்ல முடியாது. நெறிமுறை வரும்.

தாம்பரம்

1928-ல் டேவிட் சௌரிமுத்து என்ற மருத்துவர் தாம்பரத்தில் காசநோய்க்கென்று ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம்தான். ஊர் ஒதுக்கியவர்களைப் பார்த்துப் பழகிய மருத்துவமனை. எச்ஐவி உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததும் முதலில் உள்ளே புகுவது பெரும்பாலும் காசநோய்தான். அதனால் 1990-களில் எங்கும் சேர்க்காதவர்கள் எல்லாம் தாம்பரத்துக்கு வந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் வந்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் நாட்டிலேயே மிகப் பெரிய எச்ஐவி சிகிச்சை இடங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது.

மருந்து உலகத்தில் 1996-லேயே வந்துவிட்டது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும். வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விலை. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் தொண்டு நிறுவனங்களுக்கு வருடம் 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. மாமா இறந்த வருடம். அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வரவில்லை, வந்திருந்தாலும் அந்தப் பணமும் இல்லை. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. அதில் தாம்பரமும் ஒன்று.

மருந்து வந்ததும் பயிற்சியின் வடிவம் மாறியது. அதற்கு முன் பயிற்சி பெற்றவர்கள் கற்றது, ஒரு மனிதரை எப்படி மரியாதையோடு சாகவிடுவது என்பதை. இப்போது எப்படி முப்பது, நாற்பது வருடம் வாழவைப்பது என்று கற்க வேண்டும். தினமும் வேளை தவறாமல் மாத்திரை, வாழ்நாள் முழுக்க. அடிக்கடி விட்டுவிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். ஏன் விடுகிறார்கள்? மருந்தகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மாமியார் பார்த்துவிடுவார் என்று மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐ-டெக் அமைப்பும் தாம்பரம் மருத்துவமனையும் சேர்ந்து பயிற்சி மையம் நடத்தின. மருத்துவர், செவிலியர், கவுன்சிலர், மருந்தாளுநர் என்று எல்லோரும் அங்கே வந்து கற்றார்கள், வார்டிலேயே.

வழி நடந்தவர்கள்

ஆற்றுப்படைக்கு வருகிறேன். 1997-ல் சென்னையில் ஐஎன்பி பிளஸ் என்ற கூட்டமைப்பு உருவானது. எச்ஐவியோடு வாழ்பவர்கள், தங்கள் பெயரைச் சொல்லத் துணிந்தவர்கள், அசோக் பிள்ளை போன்றவர்கள். 1998-ல் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பு வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி. கணவரிடமிருந்து தொற்றுப் பெற்று, கணவர் இறந்த பின் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த பெண்களுக்கு அதுவரை எந்த மேடையும் இருக்கவில்லை.

இவர்கள் வந்ததும் பயிற்சி வகுப்புகளில் ஒரு புது வழக்கம் வந்தது. நான் பொறியியல் கல்லூரியில் படித்தபோது செஞ்சுருள் சங்கம் நடத்திய ஒரு கூட்டத்தில் அதைப் பார்த்தேன். ஸ்லைடு, புள்ளிவிவரம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார் ஓர் அக்கா. நாங்கள் பின்வரிசையில் 'புள்ளிராஜா' ஜோக் அடித்துக்கொண்டிருந்தோம். பள்ளி நாட்களில் ஊரெங்கும் பேனர் வைத்து, புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டார்களே, அதில் எங்கள் தலைமுறைக்குத் தங்கியது கேலி மட்டும்தான். கடைசியில் அந்த அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு எட்டு வருஷமா இருக்கு தம்பிங்களா" என்றார். ஜோக் நின்றுவிட்டது. நான் மாமாவை நினைத்தேன். எழுந்து எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு இன்றும் எனக்குச் சமாதானமில்லை.

மலையில் ரகசியம்

பழனி, கொடைக்கானல் மாதிரி ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் பிறகு பரிசோதனை அறைகள் வந்தன. தமிழில் அவற்றுக்கு வைத்த பெயர் 'நம்பிக்கை மையம்'. பெயரில் நோய் இல்லை. யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மலை கிராமத்தில் பெயர் மட்டும் காப்பாற்றாது.

மேல்மலையில் ஒரு கிராமத்தில் காலை பஸ்ஸில் ஏறுபவர்கள் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். "எங்க காலையிலயே?" என்று கேட்காமல் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மாட்டார். மாதாமாதம் மருந்து வாங்கக் கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் போய் வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும், அதோடு ஒவ்வொரு மாதமும் ஒரு புதுப் பொய் வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் ஒரே வீட்டு வாசலில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தினால் அதுவே செய்தி. நகரத்தில் எழுதிய பயிற்சிக் கையேடு, நோயாளியின் விவரத்தை வெளியிடாதே என்று ஒரு வரியில் சொல்லிவிடும். மலையில் வேலை செய்பவருக்கு அந்த ஒரு வரிதான் முழுப் பாடம். எல்லா வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தினால்தான் ஒரு வீட்டின் ரகசியம் நிற்கும். யோசித்தால் இதுவும் அதே கையுறை விதிதான்.

சாத்தூர்

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க ஆசை. 2018 டிசம்பர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-ல் அவர் ரத்ததானம் செய்தபோதே தெரியவந்திருந்தது. அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. இரண்டாம் முறை கொடுத்த ரத்தமும் சோதனையைத் தாண்டிப் போய்விட்டது. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் விஷயம் தெரிந்ததும், அவரே ஓடிவந்து ரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். குற்றவுணர்வு தாங்காமல் தற்கொலைக்கு முயன்ற அவர் அந்த மாதக் கடைசியில் இறந்தார்.

இந்தச் சம்பவத்தில் அறிவியல் தோற்கவில்லை. எச்ஐவியைக் கண்டுபிடிக்கும் சோதனை இருந்தது, மருந்து இருந்தது, 32 வருட அனுபவம் இருந்தது. ஒரு மனிதரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "உங்களுக்கு இது இருக்கு, பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர் அந்த இளைஞர் ஒருவர்தான்.

அதே 2018 செப்டம்பர் 10 முதல் எச்ஐவி தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, நிலையை வெளியிடக் கூடாது, வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு கூடாது. இன்னொன்றும் அதில் உண்டு, அதிகம் பேசப்படாதது. ரத்தம் படும் வேலை நடக்கும் இடங்களில் நிர்வாகம் பணியாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவி தர வேண்டும், அதைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும், ஊசி குத்தினால் உடனே தடுப்பு மருந்து தர வேண்டும். அந்த மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பயிற்சி இனி நல்ல மனசு உள்ள அதிகாரி கொடுக்கும் சலுகை இல்லை, பணியாளரின் உரிமை. நிர்மலாவுக்குக் கையுறை இல்லாத அந்த 1986-க்குச் சட்டம் சொன்ன பதில் என்று இதை எடுத்துக்கொள்கிறேன்.

தட்டு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவில்கூட அடுத்தவருக்குப் பரவாது, பெரிய ஆய்வுகளே நிரூபித்துவிட்டன என்றேன். தட்டைத் தனியாக வைக்க வேண்டிய அவசியமே அப்போதும் இருந்ததில்லை என்றேன். இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்களுக்கு யாருடா சொன்னாக?" என்றார். பிறகு, "அந்த சிஸ்டரு சொன்னாக. அன்னைக்கு ராத்திரி அவன் தட்டுலயே நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். ஒங்கப்பாவுக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது. இருபத்து நான்கு வருடமாக.